ஹைலம் தகடு

புனே ராஸ்தா பேட்டில் மூன்று தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றிடம் 1982ஆம் ஆண்டின் பிரீமியர் பத்மினி இருக்கிறது. மும்பை குர்லாவில் உருவான, 1089 சிசி எஞ்சின் கொண்ட வண்டி. சித்திரைதோறும் தந்தை அதை ஓட்டிக்கொண்டு சாத்தாராவின் உத்தர சிதம்பரம் நடராசர் கோயிலுக்குச் செல்வது வழக்கம். சென்ற ஆண்டு கம்பாட்கி மலைப்பாதை ஏறியதும் தேநீருக்காக நிறுத்திய வண்டி மீண்டும் கிளம்பவில்லை. எழுபத்து நான்கு வயதில், உச்சி வெயிலில், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றார். வீடு திரும்பியதும் "வித்துடலாம்மா" என்று மகளிடம் சொன்னார். அதன்பின் அவர் சாவியைத் தொடவில்லை.

பிழை ஒரு சிறு தகட்டில் இருந்தது. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவிலிருந்த பழைய பேக்கலைட் ஸ்பேசர் விரிசல் விட்டதால், ஒரு பட்டறையில் அலுமினியத்தால் புதிதாகச் செய்து போட்டிருந்தார்கள். நேர்த்தியான வேலை, கண்ணாடிபோல் சமதளம். ஆனால் வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியம் பேக்கலைட்டைவிடப் பல நூறு மடங்கு வல்லது. எஞ்சின் ஓடும்வரை உள்ளே பாயும் காற்றும் பெட்ரோலும் கார்புரேட்டரைத் தணித்துக்கொண்டிருக்கும். நிறுத்தியதும் அந்தத் தணிப்பு நின்றுவிடும். ரேடியேட்டர் நீரும் சுழலாது. மலையேறிக் களைத்த எஞ்சினின் சூடு மேலேறி, மிதவைக் கிண்ணத்துப் பெட்ரோலைக் கொதிக்க வைக்கும். பொங்கியது மேனிஃபோல்டில் வழியும்; ஸ்டார்ட்டர் எவ்வளவு சுழன்றாலும் எஞ்சின் பற்றாது. இன்றைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் தனியே 78 பாகையில் கொதிப்பது. எனினும் கலவையாகும்போது பெட்ரோலின் ஆவியழுத்தத்தை உயர்த்திவிடுகிறது. 1982இல் இந்தச் சிக்கல் இல்லை.

பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றும் பழைய கைவைத்தியத்தையும் தந்தை அன்று செய்து பார்த்தார். அது பம்பிலும் குழாயிலும் ஆவி அடைப்பதற்கான மருந்து. கிண்ணத்தின் கொதிப்பை அது தீர்க்காது.

மகள் நானா பேட்டில் ஒரு மெக்கானிக்கிடம் போனாள். அவர் அவளைத் 'தாயி' என்றழைத்தார். மராத்தியில் அது அக்கா; தமிழ்க் காதுக்குத் தாயாகவே கேட்கும். எந்தப் பொருளில் தகடு செய்வது என்று இருவரும் ஒரு மாலை முழுவதும் பேசினார்கள். டெஃப்லான் வெப்பத்தைத் தடுக்கும். ஆனால் நட்டின் இறுக்கத்தில் மெல்ல மெல்ல நசுங்கி விலகும், காற்று கசியும், ஐட்லிங் தடுமாறும். நைலான் ஈரம் குடித்து உப்பும். முப்பரிமாண அச்சில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் செய்து தருவதாக ஒரு மாணவ நண்பர் சொன்னார். அது 60 பாகையிலேயே இளகும் என்றதும் அந்தப் பேச்சு முடிந்தது. மரம் உண்மையிலேயே நல்ல தடுப்பான், ஆயினும் புனேயின் நான்கு மாத மழையை நினைத்து மெக்கானிக் தலையசைத்து மறுத்தார். "ஹைலம் போடுங்க" என்றார்.

பீனாலிக் பிசினில் தோய்த்த காகிதத்தையோ துணியையோ அடுக்கி, சூட்டில் அழுத்திச் செய்யும் தகடு அது. 1907இல் லியோ பேக்லண்ட் கண்ட பேக்கலைட்டின் நெருங்கிய உறவு. ஐதராபாத் நிறுவனம் ஒன்றின் வணிகப் பெயர் பட்டறை மொழியில் பொதுப்பெயராகிவிட்டது. எவர் செய்ததாயினும் ஹைலமே. மின்பொருள் கடைகள் நெருங்கிய தாப்கீர் கல்லியில் 10 மில்லிமீட்டர் கனத்தில் துணி ஹைலம் கிடைத்தது. காகித வகை மலிவு. துளையிடும்போது விளிம்பு உதிரும் என்பதால் அதைத் தவிர்த்தார்கள். பழுப்பு நிறம், கருகிய பிசின் வாடை, பார்வைக்கு ஒன்றுமில்லை.

தகட்டைவிடப் பொருத்துவதில்தான் பொறுமை தேவைப்பட்டது. பல ஆண்டு இறுக்கத்தில் கார்புரேட்டரின் அடித்தட்டுக் காதுகள் வளைந்திருந்தன. கண்ணாடிப் பலகையில் எமரித் தாளை விரித்து, மெக்கானிக் அதைத் தேய்த்துச் சமமாக்கினார். நீளமான ஸ்டட்கள், மேலும் கீழும் பேக்கிங், இரு நட்டுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குதல்.

இச்சித்திரையில் மகள் ஓட்ட, தந்தை அருகில் பேசாமல் அமர்ந்து வந்தார். கம்பாட்கி ஏறி, அதே தேநீர்க் கடையில் வேண்டுமென்றே இருபது நிமிடம் நிறுத்தினாள். முதல் முறை எஞ்சின் பற்றவில்லை. இரண்டாம் முறை இருமிவிட்டுப் பற்றிக்கொண்டது. தந்தை சற்று நேரம் அந்த ஓசையைக் கேட்டபடி இருந்தார். பின்பு கதவைத் திறந்து, சுற்றிவந்து, அவள் பக்கம் நின்றார்.

"நீ அந்தப் பக்கம் உட்காரு."