வண்டிச் சத்தம்

எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்க் கைப்பிரதி கொடுத்தவன் நான். 2023 அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை வாலிபர்கள் நாலைந்து பேரோடு எர்ணாவூர்ச் சந்துகளில் நடப்பேன். மஞ்சள் தாளில் கறுப்பு எழுத்து. மேலே ஒரு கடிகாரப் படம், முள் பன்னிரண்டைத் தொடப்போகிறது. கீழே 'நீங்கள் ஆயத்தமா?' என்று கொட்டை எழுத்தில் ஒரு கேள்வி. பக்கத்து வீட்டு ஆயாவுக்கு மட்டும் மூன்று முறை கொடுத்திருப்பேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. வாங்கி, மடித்து, அம்மன் படத்துக்குப் பின்னால் செருகிவைப்பார். "சாமி பேப்பராச்சே, கீழ போடக் கூடாது" என்பார். இந்த ஆத்துமாவை எப்படி ஆயத்தப்படுத்துவது என்று நான் உண்மையிலேயே கவலைப்பட்டதுண்டு.

அந்த வருடம் டிசம்பரில் ஆயத்தம் என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் வேறு அர்த்தங்கள் வந்தன. மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் சேர்ந்து வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் கறுப்பு. மீனவர்கள் மக்காலும் வாளியாலும் அதை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அது தீருமுன் கிறிஸ்துமஸ் வந்தது. மறுநாள் 26. 2004 சுனாமிக்குப் பிறகு அந்தத் தேதியை இந்தக் கரையில் யாரும் சும்மா கடப்பதில்லை. காசிமேட்டில் காலையிலேயே கடலில் பால் ஊற்றிப் பூப் போடுவார்கள்.

அன்று இரவு பன்னிரண்டை நெருங்கும்போது பெரியகுப்பம் கரைக்கருகே கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கப்பலில் வரும் திரவ அமோனியாவை உரத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகும் குழாய் அது. அமோனியா மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும் பொருள் என்பதால், திரவத்தை விடுவதற்கு முன் குழாயைக் குளிரவைக்க வேண்டும். அந்த வேலையின்போதுதான் கசிவு. கண் எரியும், தொண்டை அடைக்கும், நெஞ்சு இறுகும். தண்ணீரில் சுலபமாகக் கரையும் வாயு ஆகையால் ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு காற்றுக்கு எதிர்த்திசையில் போவது நல்லது. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. எந்த அபாயச் சங்கும் எங்கள் காதில் விழவில்லை.

பெரியகுப்பத்திலிருந்து என் மைத்துனன் போன் செய்தான். "மாமா, கேஸ் லீக்காயிடுச்சு. எழுந்து ஓடுங்க." அவ்வளவுதான் பேசினான், இருமல் வந்துவிட்டது. மனைவியையும் பையனையும் எழுப்பினேன். பையனுக்கு ஸ்வெட்டர் போட்டோம். கதவைப் பூட்டினேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு தண்டையார்பேட்டையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டோம். என் கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்க்க எனக்கு நேரம் இருந்தது. நாலு அடி தள்ளி இருக்கும் கதவைத் தட்ட நேரம் இல்லை.

அன்றிரவு மூச்சுத்திணறலோடு ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளுக்குப் போனார்கள். குப்பத்துப் பையன்கள் பலர் திரும்ப ஊருக்குள் ஓடி, தெருத் தெருவாகக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். அவர்கள் கையில் கைப்பிரதி எதுவும் இல்லை.

ஐந்தாம் நாள் 31, வாட்ச் நைட் ஆராதனை. சாட்சி சொல்ல என்னை அழைத்தார்கள். நான் மைக் பிடித்து, நள்ளிரவில் கர்த்தர் எங்கள் குடும்பத்தை எப்படித் தட்டி எழுப்பினார், பையனுக்கு ஒரு சின்ன இருமல்கூட இல்லாமல் எப்படிக் காத்தார் என்று சொன்னேன். சிலர் அழுதார்கள். நானும் அழுதேன். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. பக்கத்து வீட்டை மட்டும் சொல்லவில்லை. கசிவு கடைசிக்கால அடையாளங்களில் ஒன்று என்று ஒரு பெரியவர் பிறகு பேசினார். சபை 'ஆமென்' என்றது.

ஜனவரியில் ஒரு காலை ஆயா என்னை வாசலில் நிறுத்தினார். "அன்னிக்கி உன் வண்டி சத்தத்துலதான் நைனா முழிச்சிக்கினேன். கண்ணு எரிஞ்சுது. வாசல்ல வந்து குந்திக்கினேன். அப்பால ஒரு பையன் வந்து தூக்கிக்கினு போனான். நல்ல வேள, நீ வண்டிய எடுத்தே."

நன்றி சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகு பல நாள் வேதம் படிக்க முடியவில்லை. படித்தபோது மத்தேயுவின் 23, 24, 25 அதிகாரங்களை ஒரே மூச்சில் படித்தேன். இவற்றை மூன்று தனிப் பிரசங்கங்களாகவே கேட்டு வளர்ந்தவன் நான். மாய்மாலத்தைக் கண்டிக்கும் 23 மற்ற சபைக்காரர்களுக்கு. யுத்தமும் பூமியதிர்ச்சியும் வரும் 24 கன்வென்ஷனுக்கு. பத்துக் கன்னிகைகள் வரும் 25 வாலிபர் கூட்டத்துக்கு. ஆனால் அதிகாரப் பிரிவுகள் பதிமூன்றாம் நூற்றாண்டு ஏற்பாடு. எழுதியவருக்கு அது ஒரே பேச்சு. மாய்மாலத்தைத் திட்டிவிட்டு தேவாலயத்தை விட்டு வெளியே வருகிற இயேசுவிடம்தான் சீஷர்கள் முடிவு எப்போது என்று கேட்கிறார்கள்.

இரண்டையும் இணைக்கும் கண்ணி 24இன் கடைசியில் இருக்கிறது. எஜமான் ஒரு ஊழியக்காரனை வீட்டுப் பொறுப்பில் வைத்துவிட்டுப் போகிறார். அவன் வேலை மற்ற வேலைக்காரர்களுக்கு வேளா வேளைக்குச் சாப்பாடு போடுவது. எஜமான் வரத் தாமதம் என்று தெரிந்ததும் அவன் உடன்வேலைக்காரர்களை அடிக்கிறான், குடிகாரர்களோடு சேர்ந்து தின்று குடிக்கிறான். நினையாத நாளில் எஜமான் வந்து நிற்கிறார். அவனுக்குக் கிடைக்கும் இடம் மாய்மாலக்காரர்களோடு. தேதியைத் தப்பாகக் கணக்கிட்டான் என்பது அவன்மேல் குற்றச்சாட்டு அல்ல. பக்கத்தில் இருந்தவர்களை எப்படி நடத்தினான் என்பது மட்டுமே கேள்வி. ஆயத்தமில்லாதவனும் மாய்மாலக்காரனும் ஒரே ஆள் என்று மத்தேயு இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லியிருப்பதை நாற்பது வயதுவரை நான் கவனிக்கவில்லை.

என் அம்மா ராயபுரத்துக் கத்தோலிக்க வீட்டுப் பெண். எங்கள் பழைய வேதாகமத்தில் 'மாயக்காரர்' என்று இருக்கும் இடத்தில் அம்மாவின் திருவிவிலியத்தில் 'வெளிவேடக்காரர்' என்று இருக்கும். கிரேக்க மூலச் சொல்லுக்கு நாடக நடிகன் என்று பொருள். மாயக்காரன் பிறரை ஏமாற்றுகிறவன். அது நான் இல்லை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். வேடம் போட்டவன் கதை வேறு. நிறைய நாள் போட்டிருந்தால் வேடம் என்பதே அவனுக்கு மறந்துவிடும். அந்த 31ஆம் தேதி மைக் முன்னால் நான் அழுதது நிஜமான அழுகை.

கன்னிகைகள் கதையிலும் ஒன்றைத் தவறவிட்டிருந்தேன். பத்துப் பேருமே தூங்கினார்கள், புத்தியுள்ள ஐந்து பேரும் சேர்த்து. நள்ளிரவில் யாரோ கூவித்தான் எல்லோரும் எழுந்தார்கள். அந்தக் குரல் யாருடையது என்று கதை சொல்லவில்லை. எண்ணெயைக் கடன் கொடுக்க முடியாது, இரட்சிப்பு அவரவர் பாடு என்று இந்தக் கதையை வைத்து நானே போதித்திருக்கிறேன். கூவியவரைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. இப்போது அந்த இடம் வரும்போதெல்லாம் கதவு தட்டிக்கொண்டு ஓடிய குப்பத்துப் பையன்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

முடிவு நாளைக் கணக்குப் போட்டவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22க்குக் காத்திருந்தார்கள். நம் பக்கத்தில் திருவிதாங்கூரில் ஜஸ்டஸ் ஜோசப் என்கிற வித்வான்குட்டியைப் பின்பற்றியவர்கள் 1881இல் வருகையை எதிர்பார்த்தார்கள். இரண்டு நாளும் மற்ற நாள்களைப் போலவே விடிந்தன. அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதி இல்லை. அவர்கள் ஒரு தேதியை நம்பினார்கள். நான் தேதி சொல்லாமலேயே அதே காரியத்தைச் செய்தேன். உலகத்தின் முடிவைப் பற்றிப் பேசப் பேச, பக்கத்துக் கதவு கண்ணுக்குத் தெரியாமல் போனது. கசிந்த குழாயை அடையாளம் என்று சொல்வதும் அப்படித்தான். குழாய்க்கு ஒரு சொந்தக்காரர் உண்டு, பராமரிப்பு உண்டு, அதைக் கண்காணிக்கும் அலுவலகம் உண்டு. வெளிப்படுத்தின விசேஷத்தில் காரணம் தேடினால் இவர்கள் எல்லோரும் தப்பித்துவிடுவார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. குப்பத்துப் பெண்கள் பந்தல் போட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். எங்கள் சபையிலிருந்து அந்தப் பந்தலுக்குப் போனவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். முதல் மாதத்தில் அதில் நான் இல்லை.

ராயபுரம் என்ற பெயர் ராயப்பரிடமிருந்து வந்தது என்பார்கள். பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். துறைமுகம் இல்லாத காலத்தில் அலையைத் தாண்டி மசூலாப் படகில் கப்பல் சரக்கை இறக்கிய படகோட்டிகள் அங்கே அவருக்குக் கோயில் கட்டினார்கள். எந்த இரவிலும் உங்களை விட்டுப் போகமாட்டேன் என்று சொன்னவர் பேதுரு. அந்த இரவில் ஒரு மணி நேரம் விழித்திருக்க முடியவில்லை. குளிர்காயும் நெருப்பருகே ஒரு வேலைக்காரப் பெண் கேட்டதற்கு, அந்த மனிதரைத் தெரியவே தெரியாது என்றார். சேவல் கூவியதும் வெளியே போய் அழுதார். அவர் தவறியதை நான்கு சுவிசேஷங்களும் மறைக்காமல் எழுதிவைத்திருக்கின்றன. சாட்சி என்றால் அதுதானே என்று இப்போது தோன்றுகிறது.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குக் காசிமேடு கல்லறைத் தோட்டத்தில் அம்மாவின் சமாதிக்கு வெள்ளையடிக்கப் போனேன். இரண்டு பூச்சுப் பூசியதும் பளிச்சென்று ஆகிவிட்டது. வெள்ளையடித்த கல்லறைகளோடு வேதபாரகரை ஒப்பிட்ட இடம் வாளியைக் கழுவும்போது ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்தேன். மிஞ்சிய மஞ்சள் கைப்பிரதிக் கட்டு அப்படியே இருந்தது. பின்பக்கம் வெறுமை. அதில் எங்கள் சந்தின் பதினாலு வீட்டையும் எழுதினேன். போன் நம்பர், நடக்க முடியாதவர் யார், கைக்குழந்தை எந்த வீட்டில், யாரை யார் எழுப்புவது. ஆயாவின் பெயருக்கு நேராக என் பெயர். நகல் எடுத்து வீட்டுக்கு வீடு கொடுத்தேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கவும், ஈரத்துணி வைத்துக்கொள்ளவும் சொன்னேன்.

சபையில் திரும்பச் சாட்சி சொல்ல ஒரு சந்தர்ப்பம் கேட்டேன். "ஆண்டவர்கிட்ட அறிக்கை செஞ்சிட்டீங்கல்ல, அது போதும் பிரதர்" என்றார்கள். போதாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கடைசியாக ஆயா வீட்டுக்குத் தாளைக் கொண்டுபோனேன். அந்த ராத்திரி உங்களை எழுப்ப நான் வண்டியை எடுக்கவில்லை, உங்கள் நினைப்பே எனக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும் நைனா. வண்டி என் வாசல்ல நிக்கலியே" என்றார். தாளை மடித்து அம்மன் படத்துக்குப் பின்னால் செருகினார். தண்ணி லாரி வரும் நேரம். குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.