கரை திரும்பிய பின்... காயல்பட்டினத்தில் ஓய்வு வாழ்வும் செலவுக் கணக்கும்



திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் இரயிலில் ஏறி ஜன்னலோரமாக அமர்ந்து கொள்ளுங்கள். செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர் என்று தாமிரபரணி வளமாக்கிய நெல்வயல்களையும் வாழைத் தோட்டங்களையும் கடந்து, ஆறுமுகநேரியின் வெண்ணிற உப்பளங்கள் கண்ணில் பட்டதும் இறங்க ஆயத்தமாகுங்கள். அடுத்த நிலையம் காயல்பட்டினம். நெல்லை மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தபோது அதனுடன் சேர்ந்தது. ஆயினும் பேச்சிலும் பழக்கத்திலும் இன்றும் நெல்லைச் சீமையின் பிள்ளையே.

ஊருக்குள் நுழைந்தால் பள்ளிவாசல்களின் மினாராக்கள் உங்களை வரவேற்கும். வீடுகளுக்குப் பின்புறம், பெண்கள் தங்களுக்குள் போக்குவரத்துச் செய்வதற்கென்றே அமைந்த 'முடுக்கு' என்னும் குறுகிய சந்துகளைக் காண்பீர்கள். சதுக்கைத் தெரு, குத்துக்கல் தெரு, அப்பா பள்ளித் தெரு என்று நடந்து கிழக்கே சென்றால் மன்னார் வளைகுடாவின் கடல். அஸர் தொழுகைக்குப் பின் அங்கே சென்று பாருங்கள். மணலில் சிறுசிறு வட்டமாகப் பெரியவர்கள் அமர்ந்திருப்பார்கள். ஒரு வட்டத்தில் கொழும்புப் பெட்டாவைப் பற்றிய பேச்சு; அடுத்ததில் ஹாங்காங் கவ்லூன் பள்ளிவாசலைப் பற்றி; மற்றொன்றில் ஜித்தாவும் ரியாதும் துபையும். வாலிபத்தை வேற்றுநாட்டில் செலவிட்டு, நரை விழுந்தபின் கரை திரும்பியவர்கள் அவர்கள். அவர்களுடைய அன்றாட வாழ்வைப் பற்றியும், யாரும் வாய்விட்டுப் பேசாத அவர்களுடைய செலவுக் கணக்கைப் பற்றியும் உங்களோடு சற்றுப் பேச விரும்புகிறேன்.

போனவர்களின் ஊர்

தாமிரபரணியின் முகத்துவாரம் வண்டல் படிந்து விலக விலக, கொற்கையின் துறைமுகப் பெருமை காயலுக்கு வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதிய பயணக் குறிப்பில் காயல் துறைமுகமும் அதன் குதிரை வணிகமும் இடம்பெற்றுள்ளன. அரபுநாட்டுக் கப்பல்கள் இங்கே வந்த காலம் அது. பின்னர் துறை தூர்ந்தது. வணிகம் நம்மைத் தேடி வருவது நின்று, நாம் அதைத் தேடிப் போகும் காலம் பிறந்தது. இலங்கைக்கும் பர்மாவுக்கும் போனார்கள். இரத்தினக்கல் வணிகத்தில் கொழும்பு முதல் ஹாங்காங் வரை காயலர்கள் பெயர் பெற்றார்கள். 1970-களுக்குப் பின் வளைகுடா நாடுகளின் கதவு திறந்தது.

போன இடமெல்லாம் நிலைத்துவிடவில்லை. 1948-க்குப் பின் இலங்கையில் வந்த குடியுரிமை, குடிவரவுச் சட்டங்கள் நம்மவரின் வணிகத்தை நெருக்கின. பர்மாவில் 1963-64-இல் கடைகள் அரசுடைமையாயின. 1964-இல் ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாதவை ஆனபோது, தமிழ்நாட்டிலிருந்து சென்ற எத்தனையோ குடும்பங்கள் ஒரே நாளில் கைம்முதலை இழந்தன. வேற்றுநாட்டுப் பிழைப்பின் முடிவில் ஊர் திரும்புதல் இருக்கிறது என்பதை நம் முன்னோர் அனுபவித்தே அறிந்திருந்தனர்.

வெள்ளையர் தேடும் கடற்கரையும் நம் கடற்கரையும்

மேலைநாடுகளில் பணி ஓய்வு பெற்றவர்கள், வாழ்க்கைச் செலவு குறைந்த வெளிநாட்டுக் கடற்கரை ஊர்களைத் தேடிச் சென்று குடியேறுவதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தாய்லாந்து, ஐம்பது வயது கடந்தவர்களுக்கென்றே ஓய்வுக்கால விசா வழங்குகிறது. வங்கியில் எட்டு லட்சம் பாட் இருப்பு, அல்லது மாதம் 65,000 பாட் வருவாய் காட்ட வேண்டும். மலேசியா 2002-இல் 'மலேசியா எனது இரண்டாம் இல்லம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அவர்களுடைய கணக்கு எளிது. செலவு மிகுந்த நாட்டின் ஓய்வூதியம் மாதந்தோறும் வருகிறது. செலவு குறைந்த நாட்டில் அதை வைத்துச் செழிப்பாக வாழ்கிறார்கள்.

நம் பெரியவர்களும் செலவு மிகுந்த நாட்டிலிருந்து செலவு குறைந்த கடற்கரைக்குத்தான் வருகிறார்கள். ஆனால் மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் மட்டும் இல்லை. சவூதி அரேபியாவின் தொழிலாளர் சட்டப்படி, பணி முடிவில் முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு அரைமாதச் சம்பளமும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமாதச் சம்பளமும் கொடையாகக் கிடைக்கும். முப்பது ஆண்டு உழைத்தவருக்கு இருபத்தேழரை மாதச் சம்பளம்! அதனை வைத்துக்கொண்டு அவர் எஞ்சிய ஆயுளை ஓட்ட வேண்டும். ஹாங்காங்கில் முதலாளியும் தொழிலாளியும் பங்கு செலுத்தும் கட்டாய சேமநிதி 2000-ஆம் ஆண்டின் இறுதியில்தான் வந்தது. சொந்தமாகச் சிறு வணிகம் செய்தவர்களுக்குப் பணிக்கொடையும் இல்லை.

நாட்செலவு குறைவு

அன்றாடச் செலவைப் பொறுத்தவரை காயல் சிக்கனமான ஊர்தான். பெண்மக்களுக்கு வீடு கொடுப்பதும், மணமானபின் மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து வாழ்வதும் இவ்வூரின் நெடுநாள் வழக்கம். எனவே திரும்பி வருபவர் வாடகை கொடுப்பதில்லை. மனைவியின் வீடே அவருடைய வீடு. சிங்கித்துறையிலும் கொம்புத்துறையிலும் கரைசேரும் மீன், அன்றன்றே சந்தைக்கு வந்துவிடுகிறது. 2011 முதல் குடும்ப அட்டைக்கு அரிசி இலவசம். 2016 முதல் இரு மாதத்துக்கு நூறு யூனிட் மின்சாரம் இலவசம். திரையரங்கும் மதுக்கடையும் இல்லாத ஊர் என்று பெயர் பெற்ற இவ்வூரில் வீண்செலவுக்கான வாயில்களும் குறைவு.

பொழுதைக் கழிக்கவும் காசு வேண்டியதில்லை. ஃபஜ்ருக்குப் பின் ஓதல், தேநீர், நாளிதழ். ளுஹருக்குப் பின் சிறு உறக்கம். அஸருக்குப் பின் கடல். ரஜப் மாதம் வந்தால் முப்பது நாளும் புகாரி ஷரீஃப் மஜ்லிஸ். பட்டணத்து அடுக்குமாடியில் தனித்திருக்கும் முதியவருக்குக் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கிறது: இரண்டு வக்து பள்ளிக்கு வராவிட்டால், என்ன ஆயிற்றென்று விசாரிக்க ஆள் வருகிறது.

நிகழ்ச்சிச் செலவு கூடுதல்

சிக்கனமாக நடக்கும் இந்த வாழ்வைக் குலைப்பவை நான்கு.

முதலாவது, திருமணம். களறிச் சாப்பாட்டின் சுவையை நான் குறைகூற வரவில்லை. ஒரே சஹனில் சேர்ந்து அமர்ந்து உண்ணும் அந்தச் சகோதரத்துவம் அழகானது. ஆயினும் எத்தனை சஹன் என்பது கௌரவப் பிரச்சினையாகும்போது, பல்லாண்டுச் சேமிப்பு ஒரு பகலில் கரைகிறது. இரண்டாவது, பெண்மக்களுக்கு வீடு. மூன்றாவது, மருத்துவம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வளைகுடாவிலிருந்தே உடன்வந்த துணைகளாக இருக்கின்றன. பெரிய சிகிச்சைக்குத் தூத்துக்குடிக்கோ நெல்லைக்கோதான் போக வேண்டும். இரயிலில் முதியோருக்கு இருந்த கட்டணச் சலுகையும் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. நான்காவது, எதிர்பாராதவை. உப்புக்காற்று கம்பியையும் கதவையும் அரிப்பது ஆண்டுதோறும் உள்ளது. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது, சாலைகள் துண்டாயின. அத்தகைய நாளில் மாத்திரை தீர்ந்துபோன ஒரு முதியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

பெட்டிப் பணம் எத்தனை நாள்?

1990-இல் ஒரு சவூதி ரியாலுக்கு ஏறத்தாழ நாலே முக்கால் ரூபாய் கிடைத்தது. 2024-இல் இருபத்திரண்டு ரூபாய். அங்கே இருக்கும்வரை இந்த ஏற்றம் நமக்கு ஆதாயம். ரூபாயாக மாற்றி ஊரில் வைத்தபின் அதே ஏற்றம் விலைவாசியாக நம்மையே திரும்பி வந்து சேர்கிறது. பிறர் வங்கி வட்டியால் இதனை ஈடுசெய்து கொள்வர். அல்லாஹ் வட்டியை ஹராமாக்கியுள்ளான். நமக்கு அவ்வழி இல்லை. அப்படியானால் ஹலாலான வழியை முன்கூட்டியே தேடி வைத்திருக்க வேண்டாமா?

ஒரு கணக்குப் போடுவோம். ஐம்பத்தெட்டு வயதில் இருபது லட்சம் ரூபாயுடன் ஒருவர் திரும்புகிறார். மாதம் இருபதாயிரம் செலவு. ஆண்டு முடிவில் மீதிக்கு இரண்டரை சதவீதம் ஜகாத். விலைவாசி சிறிதும் ஏறவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், எட்டாம் ஆண்டில் பெட்டி காலி. வயதோ அறுபத்தாறைத் தாண்டியிராது. ஜகாத் நம் பொருளைத் தூய்மைப்படுத்தும் கடமை, அதன்மீது குறையில்லை. பொருளை முடக்கி வைத்ததே குறை. அநாதைகளின் பொருளை ஜகாத் தின்று தீர்த்துவிடாமல் இருக்க, அதை வணிகத்தில் ஈடுபடுத்தும்படி உமர் (ரலி) அவர்கள் அறிவுறுத்தியதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் காண்கிறோம். அநாதையின் பொருளுக்குச் சொன்னது முதியவரின் பொருளுக்கும் பொருந்தும்.

ஒரு பெரியவரின் கேள்வி

மதரஸாவில் பாடம் நடத்தும் எனக்கு, பாடத்தைவிடக் கடினமான கேள்விகள் அஸருக்குப் பின்தான் வருகின்றன. ஒரு நாள் ஒரு பெரியவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஹஸரத்! மூன்று பெண்மக்களுக்கும் மூன்று வீடு கட்டிக் கொடுத்துவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ், குறையில்லை. மகன் துபையில் இருக்கிறான். மாத்திரை வாங்க அவனிடம் பணம் கேட்க எனக்கு நாவெழவில்லை. நான் கேட்காமலிருப்பது ஸப்ரா, பெருமையா?"

"மாமா, இரண்டுமே அன்று. உங்கள் மகன் உங்களுக்குக் கொடுப்பது தர்மமாக இருந்தால் நீங்கள் கூச்சப்படலாம். வசதியுள்ள பிள்ளை, தேவையுள்ள பெற்றோரைப் பராமரிப்பது மார்க்கம் விதித்த கடமை. ஆகையால்தான் பெற்றோருக்கு ஜகாத் பணத்தைக் கொடுக்கக்கூடாது என்கிறது ஃபிக்ஹு. உங்களுக்குரியதைத்தான் கேட்கிறீர்கள்" என்றேன்.

அவர் தலையசைத்தார். ஆனாலும் கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. முப்பதாண்டு கொடுத்தே பழகிய கை, நீளக் கூசுகிறது. வாசகர்களே, இந்தக் கட்டுரையின் மையம் இதுதான். நம் பெரியவர்களிடம் வீடு உண்டு. ஆனால் அது பிறர் பெயரில் உண்டு. மதிப்பு உண்டு; மாத வருவாய் இல்லை. அவர்கள் வறியவர்கள் அல்லர் என்பதால் எவரும் அவர்களைக் கவனிப்பதும் இல்லை.

கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்

தபூக் போருக்குச் செல்லாமல் தங்கிவிட்ட கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள், தமது தவ்பா ஏற்கப்பட்ட மகிழ்ச்சியில் தம் பொருள் முழுவதையும் தர்மம் செய்ய முன்வந்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ, பொருளில் ஒரு பகுதியைத் தமக்கென வைத்துக்கொள்வதே அவருக்கு நல்லது என்று அறிவுரை கூறினார்கள். அவர் கைபரில் இருந்த தம் பங்கை வைத்துக்கொண்டார். ஸஹீஹுல் புகாரீயில் உள்ள செய்தி இது. அல்லாஹ்வுக்காகக் கொடுப்பதிலேயே இந்த நிதானம் என்றால், ஊர் மெச்சுவதற்காகக் கொடுப்பதில் எவ்வளவு நிதானம் வேண்டும்!

எனவே வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களே, உங்களுக்குச் சில வார்த்தைகள்:

வீடு கட்டத் தொடங்குமுன், மாதந்தோறும் சிறிதேனும் தரக்கூடிய ஒன்றை உங்கள் பெயரில் அமைத்துக்கொள்ளுங்கள். கடைவீதியில் வாடகைக்கு விடும் ஒரு சிறு கடை, அல்லது எழுத்துமூலமான கணக்குடன் நம்பிக்கையானவரின் வணிகத்தில் ஒரு பங்கு. வாடகைக் கட்டடத்தின் மதிப்பின் மீது ஜகாத் இல்லை; கைக்கு வந்து ஓராண்டு தங்கும் பணத்துக்குத்தான் உண்டு.

மருத்துவத்துக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி, எந்தத் திருமணம் வந்தாலும் அதைத் தொடாதீர்கள்.

பிள்ளைகளுக்குச் சொத்தை ஹிபாவாக எழுதும் முன் ஆலிமையும் வழக்கறிஞரையும் கலந்துகொள்ளுங்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் எழுதிய சொத்துக்குப் பாதுகாப்பளிக்கிறது. பிள்ளை தவறினால் அந்த எழுத்தைச் செல்லாததென அறிவிக்கலாம். அந்தப் படியேறும் நிலை யாருக்கும் வரவேண்டாம். ஆனால் எழுத்தில் இருப்பது நல்லது.

ஊர் திரும்பியதும் வெளிநாட்டுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி, வஸிய்யத்தை ஆயத்தமாக வையுங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு சொல்: வாப்பா கேட்கட்டும் என்று காத்திராதீர்கள். மாதத்தின் முதல் வாரத்தில், உம்மாவுக்குத் தனியாகவும் வாப்பாவுக்குத் தனியாகவும், கேளாமலே போய்ச் சேரட்டும். தொகை சிறிதாயினும் தவறாமல் வந்தால், கடற்கரையில் நண்பருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுக்கும் சுதந்திரம் அவருக்கு இருக்கும். ஆயுளெல்லாம் பிறருக்கு வாங்கிக் கொடுத்தவருக்கு அது சிறிய விஷயமன்று.

எல்லாம் வல்ல அல்லாஹ், நம் பெற்றோரின் முதுமையைக் கண்ணியமுள்ளதாக ஆக்கி, அவர்களுடைய தேவையைக் கேளாமலே உணரும் உள்ளத்தை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.