வாடாமல்லிக்குப் பயந்த கதை

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை, மன்னிக்கணும் மக்களே. ஆபீஸ் ஆணி காரணமில்லை, ஊசிதான் காரணம். :-)

நான் குவில்ட் தைக்கிறது உங்கள்ல சிலருக்குத் தெரியும். தெரியாதவங்களுக்கு: மேலே ஒட்டுப்போட்ட துணி, நடுவுல பஞ்சு விரிப்பு, அடியில ஒரு துணி, மூணையும் சேர்த்துத் தைக்கிற போர்வை. வெளிநாட்டுச் சரக்குன்னு நினைச்சுடாதீங்க. பழைய புடவைகளை இப்படி அடுக்கித் தைக்கிறதை வட கர்நாடகத்துல கௌதின்னும், மகாராஷ்டிரால கோதடின்னும், வங்காளத்துல காந்தான்னும் சொல்றாங்க.

இதுவரை நான் தைச்ச நாலும் கருநீலம், சாம்பல், வெள்ளை. என் சட்டைகளும் இதே மூணு கலர்தான். யாரும் குறை சொல்ல முடியாது. யாரும் ரெண்டாவது தடவை பார்க்கவும் மாட்டாங்க.

போன தடவை ஊருக்குப் போனப்ப, அம்மா பீரோவுலேர்ந்து ஒரு மூட்டையை எடுத்துப் போட்டாங்க. எல்லாம் அவங்களோட பழைய காட்டன் புடவைங்க. வாடாமல்லி, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், அரக்கு. அப்பா போய் ஆறு வருஷமாச்சு. அதுலேர்ந்து அம்மா வெளிர் கலரைத் தவிர எதையும் கட்டுறதில்லை. "இதையெல்லாம் இப்ப யாரும்மா பார்க்கிறாங்க"ன்னு நானும் அக்காவும் சண்டையே போட்டிருக்கோம். "எனக்கே வேணாம்டா, விடு"ம்பாங்க. இப்ப, "சும்மாதானே கிடக்கு, வெட்டிக்கோ"ன்னாங்க.

கத்தரிக்கோலைக் கையில எடுத்துட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். துணிக்குக் கன்ட்ரோல் இசட் கிடையாதே.

நான் எடுத்த டிசைன் லாக் கேபின். நடுவுல ஒரு சின்னச் சதுரம். வழக்கமா சிவப்பு வைப்பாங்க, வீட்டு அடுப்பு நெருப்புன்னு கணக்கு. அதைச் சுத்திப் பட்டை பட்டையா, ஒரு பாதி வெளிர், இன்னொரு பாதி அடர்த்தி. பயத்துல என்ன பண்ணேன்னா, பழக்கப்பட்ட சாம்பலையும் கருநீலத்தையுமே நிரப்பி, நடுவுல ஒரே ஒரு பட்டை வாடாமல்லி வெச்சேன். கல்யாண மண்டபத்து சீரியல் லைட் மாதிரி கத்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்கத் தையல் பிரிச்சேன். அவ்வ்வ்வ்.

அப்புறம்தான் ஷெவ்ரல் ஞாபகம் வந்தாரு. ஃபிரெஞ்சு வேதியியல்காரர். 1824ல பாரீஸ் கோபெலின் நெசவுக்கூடத்துல சாயப் பிரிவுக்குப் பொறுப்பேத்தவர். கறுப்பு நூல் மங்கலா இருக்குன்னு அவர்கிட்ட புகார் வந்துச்சு. சோதிச்சுப் பார்த்தா சாயத்துல குறையே இல்லை. பக்கத்துல இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கலாக் காட்டியிருக்கு. பக்கத்துக் கலரைப் பொறுத்து ஒரு கலர் எப்படி மாறித் தெரியுதுன்னு 1839ல பெரிய புத்தகமே போட்டார்.

சரி, பக்கத்து வீட்டை மாத்துவோம்னு முடிவு பண்ணேன். சாம்பலை மொத்தமா ஓரங்கட்டினேன். துண்டுகளைத் தரையில பரப்பி, செல்போன்ல கறுப்பு வெள்ளையா படம் எடுத்தேன். கலர் போயிட்டா வெளிர் எது, அடர்த்தி எதுன்னு மட்டும்தான் தெரியும். மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும் வெளிர் பக்கம் போச்சு. அரக்கும் வாடாமல்லியும் கிட்டத்தட்ட ஒரே அடர்த்தி! ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சேன். வாடாமல்லி அடங்கி உட்கார்ந்துச்சு. அதைச் சாம்பலுக்கு நடுவுல தனியா நிக்க வெச்சது என் தப்பு.

ஒன்பது இன்ச் கட்டம், மொத்தம் நாப்பத்தெட்டு. அகலம் 54 இன்ச், நீளம் 72. முடிக்க நாலு மாசமாச்சு.

அம்மா முன்னாடி விரிச்சேன். ஒண்ணும் பேசலை. ஒவ்வொரு பட்டையா தடவிப் பார்த்தாங்க. "இது உங்கப்பா தீபாவளிக்கு எடுத்தது... இது உங்கக்கா காதுகுத்துக்குக் கட்டினது." ஓரத்துல தையல் கோணலா போனதையும் விடாம கண்டுபிடிச்சாங்க. கடைசியா, "வாடாமல்லி மட்டும் ஏன்டா இவ்ளோ கம்மியா வெச்சிருக்க?"

பயந்துட்டேன்னு எப்படிச் சொல்றது? சிரிச்சு மழுப்பிட்டேன்.

ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தப்ப பார்த்தேன். கட்டிக்க மாட்டேன்னவங்க, கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்திட்டுத் தூங்கிட்டிருந்தாங்க.

வாடாமல்லி இன்னும் ரெண்டு முழம் மிச்சம் இருக்கு. தலகாணி உறை தைக்கச் சொல்லியிருக்காங்க.

பி.கு: பழைய புடவையில தைக்கிறவங்க, வெட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் தனித்தனியா ஊறப் போடுங்க. அரக்கு ஒரு பக்கெட் தண்ணியையே சிவப்பாக்கிடுச்சு!