எழுபது வளைவு, ஒரு புல்லட், ஒரு சூப்

கொல்லிமலைக்கு ஆகாய கங்கையில் குளிக்கப் போகிறவர்கள் உண்டு. அறப்பளீஸ்வரரைக் கும்பிடப் போகிறவர்கள் உண்டு. நான் போனது ஓர் இடது கையைச் சோதிக்க! (டாக்டர் இல்லை சார், வெறும் பி.காம்.)

கைக்குச் சொந்தக்காரர் நாமக்கல்லில் எனக்குத் தெரிந்த ஓர் அண்ணா. வயசு 58. ராஜ்தூத், யெஸ்டி என்று ஆரம்பித்து நாற்பது வருஷமாக மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காதவர். இப்போது இருப்பது 1986 மாடல் புல்லட். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். இரவல் கேட்டு ஒருத்தனும் வரமாட்டான்!

அதில் கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை போகப்போகிறார். நாமக்கல் வழியாக ஓடுகிற அதே தேசிய நெடுஞ்சாலை 44. சுமார் 3,700 கி.மீ. அவர் தம்பிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கூடப் படுக்கிற சிலர் காசில்லாமல் பாதி நாள் வருவதில்லை. அவர்களுக்காகத்தான் பயணம். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் தருவதாக 30 பேர் நோட்டில் எழுதியிருக்கிறார்கள். மொத்தம் 1,11,000 ரூபாய்.

எனக்குள் இருக்கும் பி.காம். சும்மா இருக்குமா?

"பெட்ரோலே பத்தாயிரத்தைத் தாண்டுமேண்ணா. அதை நேரா குடுத்துட்டு வீட்லயே இருந்துடலாமே?"

"வீட்ல உக்காந்திருக்கிறவனுக்கு எவன் தம்பி கிலோமீட்டருக்கு ஒரு ரூபா குடுப்பான்?"

கணக்கு டேலி!

சிக்கல், கிளட்ச் பிடிக்கிற கை கொஞ்ச நாளாக மரத்துப்போகிறது. "கொல்லிமலை ஏறி எறங்குங்க, அப்புறம் பாக்கலாம்" என்றுவிட்டார் அண்ணி. உளவாளியாகப் பின் சீட்டில் நான்.

சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளியில் மலை ஆரம்பம். கொண்டை ஊசி வளைவுகள் 70. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருப்பதால், பின்னால் இருப்பவன் தன் பயத்தைத் துல்லியமாக அளந்துகொள்ளலாம். வளைவுக்கு வளைவு கிளட்ச், கியர், கிளட்ச். ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. மரங்களில் மிளகுக்கொடி. 43-ல் வண்டியை ஓரங்கட்டிக் கையை உதறினார். நான் இயற்கையை ரசிப்பதுபோல் நின்றேன்.

செம்மேட்டில் முடவாட்டுக்கால் சூப். ஆட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரோமம் போர்த்திய கிழங்கு. மூட்டு வலிக்கு நல்லது என்பது மலைக்காரர்கள் நம்பிக்கை.

"மரத்துப்போன கைக்குக் கேக்குமா?"

"எதுக்கும் ரெண்டா குடிங்க" என்றார் கடைக்கார அம்மா. காமர்ஸ் படிக்க வேண்டியவர்!

இறக்கத்தில் கியரிலேயே விட்டார். "கிளட்ச்சைப் புடிச்சுட்டு எறங்குனா, வண்டி நமக்கு முன்னால வீடு போய்ச் சேந்துரும்." ஒரு லாரிக்கு வழிவிட்டபோது மட்டும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கீழே டீக்கடையில் வேண்டுமென்றே இடது கையால் கிளாஸை வாங்கினார். நடுங்கியது. சிந்தவில்லை.

"முப்பது கிலோமீட்டருக்கு ஒருக்கா நிறுத்துனா போதும்."

"123 இடத்துல நிறுத்தணும்ணா. 123 டீ!"

"அண்ணிகிட்ட என்ன சொல்லப்போற?"

"உள்ளதைத்தான்."

"43-ல நின்னதையும் சொல்லிரு. நரம்பு டாக்டரப் பாக்கச் சொல்லுவா. பாத்துட்டே கெளம்பறேன்."

சட்டைக்குள்ளிருந்து நோட்டை எடுத்தார். 31 என்று நம்பர் போட்டு, என் பெயரை எழுதினார்.

"கிலோமீட்டருக்கு எவ்வளவு போடட்டும் தம்பி?"