ஒற்றைக் கையின் பூர்வீகம்

ஆட்டோவின் முன் சக்கரத்தை ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே பிடித்திருக்கிறார்கள். பைக்கில் போர்க் இரண்டு பக்கமும் இறங்கி அச்சைக் கவ்வும். சைக்கிளிலும் அப்படித்தான். ஓட்டுநர், மூன்று பயணிகள், மூட்டை முடிச்சு எல்லாம் ஏறிய வண்டியில், பள்ளத்தில் முதலில் இறங்குகிற சக்கரத்துக்கு மட்டும் ஏன் ஒற்றைக் கை? எங்கள் பகுதி ஸ்டாண்டில் ‘ஹேண்டில் ஆடுது’, ‘ஒரு பக்கமா இழுக்குது’ என்ற பேச்சு ஓயாமல் காதில் விழுந்ததில் எழுந்த கேள்வி இது. முன் சக்கரத்தில் இத்தனை தேய்மானம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் கிளம்பினேன்.

முதலில் போனது சென்னை புதுப்பேட்டை. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் அந்தத் தெருக்களில், கழற்றிப் போட்ட முன்பக்க அமைப்பு ஒன்றைப் பட்டறைக்காரர் ஒருவர் மேசைமேல் வைத்து விளக்கினார். ஹேண்டிலிலிருந்து இறங்கும் தண்டு, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு பக்கமாக வளைகிறது. அதன் நுனியில் ஒரு சிறிய கை பின்னில் கோத்திருக்கிறது. கையின் மறுமுனையில் சக்கரத்தின் அச்சு. பள்ளம் வந்தால் கை மேலே எழும்பும். ஸ்பிரிங் அதைத் தாங்கும். ஷாக் அப்சார்பர் துள்ளலை அடக்கும்.

“பின்னைப் பாருங்க சார். சுத்தித் தேயாது. ஒரு பக்கம்தான் தின்னிருக்கும்” என்றார் அவர். விரலால் தடவிப் பார்த்தேன், பள்ளம் தெரிந்தது. சக்கரத்து பேரிங் முழுச் சுற்றுச் சுற்றுவதால் கிரீஸ் உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். இந்தக் கையோ சில டிகிரிதான் மேலும் கீழும் ஆடுகிறது. எடை விழும் இடத்திலிருந்து கிரீஸ் பிதுங்கி விலகினால் திரும்பி வர வழியில்லை. அந்த இடைவெளியில் தூசியும் மழைநீரும் புகுந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். மேலே ஹேண்டில் தண்டின் கோன் செட்டிலும் இதே கதை. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால், குண்டுகள் ஒரே இடத்தில் இடி வாங்கி அங்கே குழி பறித்துவிடும்.

ஒற்றைக் கையை யார் கொண்டுவந்தார்கள் என்ற கேள்வி இத்தாலிக்கு இட்டுச் சென்றது. பியாஜியோ நிறுவனம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமானம் செய்துவந்தது. போரில் அதன் பொன்டெடெரா ஆலை சிதைந்தது. மக்களுக்கு மலிவான வண்டி வேண்டும் என்று நிறுவனத்தை நடத்திய என்ரிகோ பியாஜியோ வேலையை ஒப்படைத்தது கொராடினோ டஸ்கானியோ என்ற பொறியாளரிடம். 1930-ல் இவர் வடிவமைத்த ஹெலிகாப்டர் பறந்த உயரம், தூரம், நேரம் மூன்றிலும் சாதனை படைத்திருந்தது. இவருக்கு மோட்டார் சைக்கிள் பிடிக்காது. செயின் எண்ணெய் துணியில் படுகிறது, பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றுவது பெரும்பாடு என்பவை அவருடைய குறைகள். அதனால் விமானத்தின் தரையிறங்கு சக்கரத்தைப்போல ஒரு பக்கத்திலிருந்து மட்டும் சக்கரத்தைப் பிடித்தார். மறுபக்கம் திறந்திருப்பதால், கார் சக்கரம்போல நட்டைக் கழற்றி எளிதாக மாற்றலாம். 1946 ஏப்ரல் 23-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அந்த வண்டிதான் வெஸ்பா: 98 சிசி எஞ்சின், 8 அங்குல ரிம். இன்றைய ஆட்டோ டயரின் பக்கவாட்டில் 4.00-8 என்று அச்சிட்டிருக்கும். அந்த 8 அதே அங்குலக் கணக்கு.

இரண்டே ஆண்டில், 1948-ல், அதே ஸ்கூட்டரின் பின்னால் இரண்டு சக்கரமும் சரக்குப் பெட்டியும் சேர்த்து ‘ஆப்பே’ பிறந்தது. இந்தியாவில் பஜாஜ் 1959-ல் இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகள் தயாரிக்க அரசு உரிமம் பெற்று, பியாஜியோவின் தொழில்நுட்பத்தோடு இறங்கியது. அதன் ஆட்டோவில் பின்னாளில் எஞ்சின்கூட முன்னாலிருந்து பின்னால் இடம் மாறியது. முன் சக்கரத்தின் ஒற்றைக் கை மாறவில்லை.

தேய்மானத்தின் வேர், ஸ்கூட்டரின் கை மூன்று சக்கர வண்டிக்கு வந்த இந்த இடமாற்றத்தில் இருக்கிறது. இரண்டு சக்கர வண்டி திரும்பும்போது சாய்கிறது. சாய்வதால் எடையும் வெளியே தள்ளும் விசையும் சேர்ந்து சக்கரத்தின் வழியாகவே தரைக்கு இறங்குகின்றன. அச்சைப் பக்கவாட்டில் திருகும் வேலை குறைவு. ஆட்டோ சாயாது. ஒவ்வொரு வளைவிலும் டயர் தரையைத் தொடும் இடத்தில் விழும் பக்க விசை, சக்கரத்தையே நெம்புகோலாக்கி அச்சையும் பின்னையும் திருகுகிறது. அதைத் தாங்க இருப்பது ஒரு பக்கக் கை மட்டுமே. பட்டறை மேசையில் நான் தடவிய பள்ளத்தின் காரணம் அப்போது தெளிவாயிற்று.

சில ஆட்டோக்களுக்கு, பிரேக் பிடித்தால் முகம் குப்புறக் குனியும் பழக்கமும் வெஸ்பா வழி வந்ததே. வெஸ்பாவில் கை முன்னால் கோத்து, சக்கரம் அதற்குப் பின்னால் நிற்கிறது. பிரேக் பிடித்ததும் சக்கரம் தன் சுழற்சியைப் பிரேக் தட்டு வழியாகக் கைக்குத் தள்ள, கை மேலே மடிந்து ஸ்பிரிங் அமுங்குகிறது. கையைப் பின்னால் கோத்து, சக்கரத்தை முன்னால் நிறுத்தினால் இதே விசை மூக்கைத் தூக்கிப் பிடிக்கும். பிஎம்டபிள்யூ 1955 முதல் 1969 வரை தன் பைக்குகளில் பொருத்திய எர்ல்ஸ் போர்க் அந்த வகை. அது சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்தது. பக்கவாட்டு விசைக்கு வளையாது என்பதால் சைடுகார் பூட்டுகிறவர்களுக்கு உகந்ததாக இருந்தது. சாயாத வண்டிக்கு வேறு பிடிமானம் வேண்டும் என்று சைடுகார் பூட்டியவர்கள் கண்டிருந்தார்கள். ஆட்டோவுக்கோ விலையும் எளிமையும் முதல் தேவை. இரண்டாவது கையால் கிடைத்திருக்கும் உறுதியை இங்கே பராமரிப்பால்தான் ஈடுகட்ட வேண்டும்.

ஈடுகட்டுவது கடினமில்லை. முன்பக்கத்தைத் தூக்கி முட்டுக் கொடுத்துவிட்டுச் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கலாம். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்ல வேண்டும். ஆட்டம் நின்றால் குற்றம் சக்கரத்து பேரிங்கில்; நிற்காவிட்டால் கையின் பின்னிலோ கோன் செட்டிலோ. ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நேர்நிலையில் ‘கடக்’ என்று தங்கினால் கோன் செட்டில் குழி விழுந்திருக்கிறது. அதை இறுக்கிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். முன்பக்கத்தை அமுக்கி விட்டால் ஒரு முறை எழுந்து அடங்க வேண்டும்; துள்ளிக்கொண்டே இருந்தாலோ ஷாக்கில் எண்ணெய் வழிந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. வாட்டர் சர்வீஸ் செய்த பிறகும், மழைநீர் தேங்கிய சுரங்கப்பாதையில் இறங்கி ஏறிய பிறகும், பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை புது கிரீஸ் அடிக்க வேண்டும். பின்னும் அது உட்காரும் புஷ்ஷும் சோடியாகத்தான் மாற வேண்டும். தேய்ந்த பின்னில் புதுப் புஷ் போட்டால் அதுவும் சீக்கிரமே ஆடும். புஷ் மலிவு, கை விலை அதிகம். மலிவானது முதலில் தேய்ந்து விலை உயர்ந்ததைக் காக்கட்டும் என்பதே இந்த அமைப்பின் நியாயம்.

இவ்வளவும் பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். ஆனாலும் ஹேண்டில் ஆடும் வண்டிகள் ஓடுகின்றன. நான் பேசிய ஓட்டுநர்களில் வாடகை வண்டி ஓட்டுகிறவர்கள் சொன்னது ஒன்றுதான்: பெரிய செலவு ஓனருக்கு, சின்னச் செலவு நமக்கு; வண்டியை நிறுத்தினால் அன்றைய வாடகை கையை விட்டுப் போகும். கிரீஸ் அடிப்பது சின்னச் செலவு, அதைச் செய்யாமல் விட்டால் வருவதோ பெரிய செலவு. இரண்டுக்கும் நடுவில் அந்த வேலை யாருடையதும் இல்லாமல் போகிறது. வாடகை பேசும்போதே முன் சக்கரத்துக்குக் கிரீஸ் அடிப்பது யார், எந்த நாளில், அன்றைக்கு வாடகைக் கழிவு எவ்வளவு என்பதையும் பேசி முடிக்க வேண்டும். ஸ்கூட்டருக்கென்று பிறந்த கையில் குடும்பத்தையே ஏற்றுகிறோம். அதற்கான பொறுப்பு, வண்டியை ஓட்டுகிறவர் தலையில் மட்டும் விழக்கூடாது.