துவர்ப்பும் கசப்பும்

சுவைகள் ஆறு என்று நம் முன்னோர்கள் கணக்குப் போட்டு வைத்தார்கள். அவற்றில் இனிப்பு, புளிப்பு, உப்பு, உறைப்பு ஆகிய நான்கும் இன்றைக்கும் சௌக்கியமாகத்தான் இருக்கின்றன. கடைத்தெரு முழுவதும் அவற்றின் ராஜ்யம். மற்ற இரண்டும், அதாவது துவர்ப்பும் கசப்பும், சத்தம் போடாமல் வீட்டை விட்டு வெளியேறிக் கொண்டிருக்கின்றன. வருஷப் பிறப்பன்று வேப்பம்பூவைப் பச்சடியில் போட்டுக் கசப்புக்கு ஒரு நாள் மரியாதை செய்கிறோம். பாகற்காய் வாங்கினால் உப்புப் போட்டுப் பிழிந்து, வெல்லத்தையும் சேர்த்து, அது பாகற்காய்தானா என்று சந்தேகம் வரும்படி செய்துவிடுகிறோம். துவர்ப்புக்கு அந்த ஒரு நாள் மரியாதை கூட இல்லை. வாழைப்பூவை ஆய்ந்துகொண்டு உட்கார யாருக்கு நேரம் இருக்கிறது?

போனால் போகட்டும், நாக்குக்குப் பிடிக்காதது தொலைந்தது என்று இருந்துவிடலாம். ஆனால் இது நாக்கோடு முடிகிற விவகாரம் அல்ல என்பதைக் கீழப்பாவூரில் இருக்கும் என் அக்காவால் யோசிக்க வேண்டியதாயிற்று.

பாவூர்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால், காய்கறி மார்க்கெட்டுக்குப் போகிற மூட்டைகள்தான் முதலில் கண்ணில் படும். சின்ன வெங்காயம், கத்தரிக்காய், வெண்டைக்காய், முருங்கைக்காய் என்று சுற்று வட்டாரத்து நிலமெல்லாம் அங்கே வந்து இறங்குகிறது. அங்கிருந்து சிறிது தூரம் போனால் கீழப்பாவூர். ஊருக்குப் பெருமை, பதினாறு திருக்கரங்களோடு வீற்றிருக்கும் நரசிம்மர். குளமும் வயலும் உண்டு. சாரல் காலத்தில் மேற்கே மலையிலிருந்து வரும் காற்றை அனுபவித்தவர்கள் வேறு ஊர்க் காற்றைக் காற்று என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இத்தனை பச்சையும் தண்ணீரும் உள்ள இடத்தில் சர்க்கரை வியாதிக்கு என்ன வேலை என்று தோன்றும். வியாதி அப்படியெல்லாம் ஊர் பார்த்து வருவதில்லை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணக்குப்படி நம் தேசத்தில் 10 கோடிப் பேருக்கு மேல் அது இருக்கிறது. வாசல்படியில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல்.

அக்காவுக்கு அது வந்து ஒன்பது வருஷமாகிறது. சென்ற வருஷம் குற்றால சீசனில் நான் போயிருந்தபோது, அவள் சமையல் கட்டில் ஒரு புதிய டப்பாவைப் பார்த்தேன்.

"ஏல, மாத்திரையெல்லாம் நிப்பாட்டிட்டேன். இந்தப் பொடியத்தான் சாப்பிடுதேன்" என்றாள்.

"யாரைக் கேட்டு நிறுத்தினீங்க, அக்கா?"

"யாரைக் கேக்கணும்? நாவக்கொட்டை, ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான் எல்லாம் போட்ட பொடி. பச்சிலைக்குக் கெடுதல் கிடையாதுல்லா? மாத்திரைதான் பூராவும் கெமிக்கல்."

அவள் குதிகாலில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. செருப்புக் கடித்த புண்ணாம். இருபது நாளாக ஆறவில்லை. மறுநாள் தென்காசியில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். சர்க்கரை 340 இருந்தது. டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "இன்னும் பத்து நாள் தாமதித்திருந்தால் காலைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்" என்று மட்டும் சொல்லி, பழைய மாத்திரையையே மறுபடியும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அக்காவுக்கு மனசு சமாதானமாகவில்லை. எனக்குத் தெரிந்த தொழில் கதை சொல்வது. ஆகவே அந்த மாத்திரையின் கதையைச் சொன்னேன்.

ஐரோப்பாவில் கலேகா என்று ஒரு செடி உண்டு. ஊதாப் பூப் பூக்கும். அந்நாட்டு நாட்டு வைத்தியர்கள் பழங்காலத்திலிருந்தே அதைப் பயன்படுத்தி வந்தார்கள். அதே செடியை அதிகமாக மேய்ந்தால் ஆடுமாடுகள் செத்துப்போகும். அதில் உள்ள ஒரு பொருள் ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கிறது என்று கண்டுபிடித்த ரசாயன சாஸ்திரிகள், அதன் இனத்தைச் சேர்ந்த, உடம்பு தாங்கக்கூடிய பொருள்களைத் தேடினார்கள். அந்த இனத்தைச் சேர்ந்ததுதான் 1922-இல் வேறொரு ரசாயன ஆராய்ச்சியில் உருவான மெட்ஃபார்மின். 1957-இல் பாரிஸில் ழான் ஸ்டேர்ன் என்ற டாக்டர், அதைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார். இன்று உலகத்தில் மிக அதிகமாகச் சாப்பிடப்படும் சர்க்கரை மாத்திரைகளில் அது ஒன்று.

"அப்ப இதுவும் பச்சிலைதானா?" என்றாள் அக்கா.

"பச்சிலையின் பேத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாட்டிக்கு விஷம் உண்டு."

அந்த மாத்திரை வேலை செய்கிற இடங்களில் குடலும் ஒன்று என்று சமீப காலத்து ஆராய்ச்சிகள் சொல்லுகின்றன. அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்களின் கூட்டத்தையே அது மாற்றிவிடுகிறதாம். மனித உடம்பில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். பெரும்பாலும் எல்லாம் பெருங்குடலில்தான். நாம் ஒருவராக இலையில் உட்காருகிறோம். சாப்பிடுவதோ இவ்வளவு பேர்!

இந்த விருந்தாளிகளுக்கு நாம் என்ன பரிமாறுகிறோம்? சர்க்கரையும் தீட்டிய அரிசிச் சோறும் அநேகமாகச் சிறுகுடலிலேயே ஜீரணமாகி ரத்தத்தில் கலந்துவிடுகின்றன. பெருங்குடல் வரை போய்ச் சேருவது நாரும், துவர்ப்புச் சத்துக்களில் பெரும்பகுதியுந்தான். நாரை நுண்ணுயிர்கள் புளிக்க வைத்துச் சில அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றில் ஒன்று குடல் சுவருக்கே ஆகாரம். இந்த அமிலங்கள், பசி அடங்கியது என்றும் இன்சுலின் சுரக்கலாம் என்றும் உடம்புக்குச் சேதி சொல்லும் சுரப்புகளையும் தூண்டுகின்றன. நார் கிடைக்காவிட்டால், சில ரக பாக்டீரியாக்கள் குடல் சுவரின் மேலுள்ள சளிப் படலத்தையே தின்னத் தொடங்குவதை எலிகளிடம் கண்டிருக்கிறார்கள். விருந்தாளியைப் பட்டினி போட்டால் வீட்டுக் கூரையைத்தானே பிடுங்குவான்?

துவர்ப்பின் விஷயம் இன்னும் விசித்திரமானது. மாதுளையின் துவர்ப்புச் சத்தைக் குடல் நுண்ணுயிர்கள் யூரோலித்தின் என்ற வேறொரு பொருளாக மாற்றுகின்றன. ஆனால் எல்லார் வயிற்றிலும் மாற்றுவதில்லை. அதற்குரிய நுண்ணுயிர் இருந்தால்தான் உண்டு. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட பொடி நமக்கும் கேட்கும் என்று நம்புவதில் இப்படியும் ஒரு சிக்கல் இருக்கிறது.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு அம்மாவின் சமையல் நினைவுக்கு வந்தது. கறுப்புத் தோல் போகாத உளுந்தும் வெந்தயமும் பூண்டும் போட்ட உளுந்தஞ்சோறு, வாழைத்தண்டுப் பொரியல், மணத்தக்காளி வத்தல், தைப்பொங்கல் சமயத்தில் பனங்கிழங்கு. விடியற்காலையில் பழையதும், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும். வெந்தயத்தின் குழகுழப்பான நார், சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தைத் தணிக்கிறது. சோறு ஆறிக் கிடக்கும்போது அதன் மாவில் ஒரு பகுதி, எளிதில் ஜீரணமாகாத மாவாக மாறிப் பெருங்குடலுக்குப் போகிறது. குடல் அழற்சி உள்ளவர்களுக்குப் பழைய சோறு எவ்விதம் உதவுகிறது என்று சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சியே நடத்தியிருக்கிறார்கள்.

இதைக் கேட்டுவிட்டு, சர்க்கரைக்காரர்கள் சட்டி நிறையப் பழையதை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டாம். ஆறினாலும் சோறு சோறுதான், அளவு உண்டு. அந்தக் காலத்தில் பழையது சாப்பிட்டவர்கள் அதற்குப் பிறகு பொழுது சாயும் வரை வயலில் குனிந்து நின்றார்கள். நாம் பழையதைச் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்கிறோம். தவிர, அந்தக் காலத்தில் காரணம் தெரியாமலே புண் புரையோடிச் செத்தவர்களும் உண்டு. பழமை எல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை.

எனக்கு ஏற்பட்ட எண்ணம் இவ்வளவுதான். துவர்ப்பும் கசப்பும் தினமும் ஒரு பிடியாக, நாரோடும் பருப்போடும் சேர்ந்து இலைக்கு வந்துகொண்டிருந்தன. அவற்றை அங்கிருந்து விரட்டிவிட்டு, வியாதி வந்த பிறகு பொடியாக டப்பாவில் விலை கொடுத்து வாங்குகிறோம். வாழ்நாள் முழுவதும் செய்ய வேண்டிய காரியத்தை ஒரு தேக்கரண்டியில் முடித்துவிடப் பார்க்கிறோம். ஏற்கெனவே வந்துவிட்ட வியாதிக்கு மாத்திரை வேண்டும். அந்த மாத்திரை கூடிக்கொண்டே போகாமல் இருக்கவும், வராதவர்களுக்கு வராமல் தள்ளிப் போடவும் சமையல் கட்டால் ஒத்தாசை செய்ய முடியும்.

அக்காவின் புண் ஆறிவிட்டது. மூன்று மாதச் சராசரி 10.2-லிருந்து 7.6-க்கு இறங்கியிருக்கிறது. அதில் மாத்திரைக்கு எவ்வளவு பங்கு, கீரைக்கும் வாழைப்பூவுக்கும் எவ்வளவு பங்கு, சாயங்காலம் கோயில் வரை நடந்து வருவதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. அக்கா தயங்காமல் முழுவதையும் நரசிம்மர் கணக்கில் எழுதிவிட்டாள். மாத்திரையை மட்டும் தவறவிடுவதில்லை.

எங்கள் அப்பாவுக்கும் இந்த வியாதி இருந்தது. அடுத்தது யார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வாழைப்பூவை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கள்ளனை எடுத்து மோரில் போடுவது இப்போது என்னுடைய வேலை. அன்று பகலில் எழுத உட்காரும்போது பேனா பிடிக்கிற விரல்கள் கறுத்திருக்கின்றன. சோப்புப் போட்டாலும் போவதில்லை.