ஓட்டுவது ஆள், நிறுத்துவது கம்ப்யூட்டர்: வெள்ளகோவில் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீடு

காங்கேயத்திலிருந்து கரூர் சாலையில் கிழக்கே போகப் போக நிலம் வறண்டுகொண்டே வரும். ஊரைத் தாண்டும் வரை கொப்பரைக் களங்களும் எண்ணெய் மில்களும் கண்ணில் படும். அதற்கப்புறம் கொறங்காடுகள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், ஆங்காங்கே குடை பிடித்தது போல வெள்வேல மரம், அதன் நிழலில் அசைபோடும் காங்கேயம் மாடுகள். ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழைதான் இந்தச் சீமைக்கு. திருமூர்த்தி அணையிலிருந்து வரும் பி.ஏ.பி. வாய்க்காலுக்கு வெள்ளகோவில் கடைமடை. பாசனப் பரப்பை நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுவதால், ஒரு முறை வந்து போனால் அடுத்த முறைக்கு நெடுநாள் காத்திருக்க வேண்டும். மற்ற நாளெல்லாம் போர்வெல்தான் கதி.

இங்கே பெரும்பாலான குடும்பங்கள் ஊருக்குள் கூடி வாழ்வதில்லை. அவரவர் தோட்டத்திலேயே வீடு. பிள்ளைகள் திருப்பூர், கோவை என்று வேலைக்குப் போய்விட, அறுபதைத் தாண்டிய கணவனும் மனைவியும் தனியாக இருக்கும் தோட்டங்கள் ஏராளம். இரவில் மோட்டார் போட வேண்டுமென்றாலும் அவர்கள்தான் போக வேண்டும்.

'வீட்டையும் மோட்டாரையும் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் என்கிறார்களே, நம்மைப் போன்ற சிறு விவசாயிக்கு அது சரிப்படுமா?' என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். அப்படி ஒன்றை வைத்து ஓட்டுகிற வீட்டை நேரில் பார்த்துவிட்டுப் பதில் எழுதலாம் என்றுதான் வெள்ளகோவிலுக்குத் தெற்கே, மூலனூர் போகும் வழியில் உள்ள ஒரு தோட்டத்துக்குச் சென்றேன். பெயர் போட வேண்டாம் என்று அந்தக் குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள்.

ராத்திரித் தண்ணீரின் கணக்கு

மொத்தம் நாலரை ஏக்கர். இரண்டு ஏக்கரில் 140 தென்னை, ஒரு ஏக்கரில் முருங்கை, மீதி கொறங்காடு. கட்டுத்தறியில் மூன்று மாடுகள். தென்னைக்குச் சொட்டுநீர் போட்டிருக்கிறார்கள். கோடையில் மரத்துக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர் என்று வைத்தால், தென்னைக்கு மட்டும் 9,100 லிட்டர் வேண்டும். ஆனால் 850 அடி போர்வெல் ஒரு மணி நேரம் ஓடினால் தளர்ந்துவிடுகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் கிடைப்பது 5,000 லிட்டருக்கும் குறைவு. மூன்று மணி நேரம் விட்டால்தான் மறுபடி ஊறும். ஆகவே தினமும் இரண்டு ஓட்டமாவது ஓட்டியாக வேண்டும். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தைப் பார்த்தால் இரண்டாவது ஓட்டம் பெரும்பாலும் இரவில்தான் அமையும்.

"பேட்டரி லைட்டப் புடிச்சுக்கிட்டு, குச்சியத் தட்டிக்கிட்டே போவோணுங்க. போட்டுட்டு வந்து படுத்தா, நிறுத்தறதுக்கு மறுபடியும் எந்திரிக்கோணும். அசந்து தூங்கிட்டா மோட்டார் வெறும் ஓட்டம் ஓடும்" என்றார் தோட்டக்காரர். தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்திவிடும் ட்ரை ரன் கருவியை, 'அடிக்கடி நின்னு போகுது' என்று அவரே கழற்றி வைத்திருந்தார். விளைவு, ஒரே ஆண்டில் இரண்டு முறை காயில் எரிந்தது. குழாயை ஏற்றி இறக்கும் கூலி, காயில் கட்டும் செலவு எல்லாம் சேர்ந்து, அந்த ஆண்டு தேங்காய்ப் பணத்தில் பெரும்பங்கு அதற்கே போயிற்று. "தோட்டத்தக் குத்தகைக்கு விட்டுட்டுத் திருப்பூருக்கே வந்துருங்கப்பா" என்று மகள் வற்புறுத்தத் தொடங்கியது அப்போதுதான். தந்தை அசையவில்லை. எனவே, கம்ப்யூட்டர் படித்த அந்த மகள் வேறு வழி தேடினார்.

சோப்புப் பெட்டி அளவு கம்ப்யூட்டர்

டி.வி. ஸ்டாண்டின் மேல்தட்டில், சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அது. ராஸ்பெர்ரி பை 4 என்ற வகை. சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். கம்ப்யூட்டர் முழுவதும் ஒரே பலகையில் அடங்கிவிடும். பள்ளிப் பிள்ளைகள் புரோகிராம் எழுதப் பழகுவதற்காக இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவான இந்த வகைக் கம்ப்யூட்டர் 2012-இல் விற்பனைக்கு வந்தது. நான்காவது வகை 2019-இல் வந்தது.

இதன் சிறப்பு மின் சிக்கனம். இந்த வீட்டு வேலைக்குச் சராசரியாக 5 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவும் பகலும் ஓடினாலும் மாதம் 3.6 யூனிட், இரண்டு மாதத்துக்கு 7 யூனிட்டைச் சற்றே தாண்டும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் இது பெரிய சுமையில்லை. கம்ப்யூட்டரை வீட்டு இணைப்பில்தான் மாட்ட வேண்டும். விவசாய இலவச மின்சாரத்தில் வீட்டுப் பொருள்களை ஓட்டக்கூடாது.

அதில் ஓடும் மென்பொருள் ஹோம் அசிஸ்டென்ட். பவுலஸ் ஸ்கவுட்சன் என்பவர் 2013-இல் தொடங்கியது. இன்று உலகெங்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். காசு கிடையாது. நம் தோட்டத்துக்கு முக்கியமான குணம் ஒன்று இதற்கு உண்டு. எங்கோ இருக்கும் கம்பெனியின் கம்ப்யூட்டரைக் கேட்டுக்கொண்டு இது வேலை செய்வதில்லை. உத்தரவு வீட்டுக்குள்ளேயே பிறந்து வீட்டு வைஃபையிலேயே போகிறது. இணையம் போனாலும் தொட்டியும் மோட்டாரும் நிற்காது.

நிறுவிய முறையை மகள் விளக்கினார். முதலில் லேப்டாப்பில் ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதன் பட்டியலில் ஹோம் அசிஸ்டென்டைத் தேர்ந்தெடுத்து, 32 ஜி.பி. மெமரி கார்டில் எழுத வேண்டும். கார்டைச் சிறு கம்ப்யூட்டரில் செருகி, ரவுட்டரிலிருந்து ஒரு கேபிளை இணைத்து, மின்சாரம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதல் முறை இருபது நிமிடம் வரை ஆகலாம். பிறகு அதே வைஃபையில் உள்ள கைபேசியின் பிரவுசரில் 'ஹோம்அசிஸ்டென்ட்.லோக்கல்:8123' என்று ஆங்கிலத்தில் தட்டினால் வரவேற்புப் பக்கம் வரும். பெயர், கடவுச்சொல், ஊர் இருக்கும் இடம் ஆகியவற்றைக் கொடுத்தால் தயார். சார்ஜர் தரமானதாக, 5 வோல்ட் 3 ஆம்பியராக இருக்க வேண்டும். பழைய கைபேசி சார்ஜரை மாட்டினால் கம்ப்யூட்டர் திணறும்.

திரையில் நான்கே கட்டங்கள்: 'கரண்டு', 'போர்', 'தொட்டி', 'கட்டுத்தறி லைட்டு'. பெயர்களைத் தமிழிலேயே எழுதியிருக்கிறார்கள். "எம்பட கண்ணுக்குத் தெரியற மாதிரி பெருசா வையின்னு சொன்னேன்" என்றார் அம்மா. அந்த வீட்டில் அதை அதிகம் பயன்படுத்துபவர் அவர்தான்.

மோட்டார் ரூமில் பார்த்தது

வீட்டிலிருந்து மோட்டார் ரூம் எண்பது மீட்டர். வீட்டுச் சுவரில் வெளிப்புற வைஃபை பெட்டி ஒன்றை மாட்டி அங்கே வரை எட்ட வைத்திருக்கிறார்கள். ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஈ.எஸ்.பி. 32 என்ற சிறு பலகை இருக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கண்ணும் கையும் அதுதான். மூன்று பேஸும் சரியாக வந்ததா, மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்த்துச் சொல்லும். ஸ்டார்ட், ஸ்டாப் பொத்தான்களின் வேலையை ரிலே மூலம் செய்யும்.

நான் முதலில் தேடியது ட்ரை ரன் கருவியை. மறுபடி மாட்டியிருந்தார்கள். ஓவர்லோடு ரிலே, ஒரு பேஸ் போனால் நிறுத்தும் கருவி, எர்த் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கம்ப்யூட்டர் இவற்றுக்கு மேல் இன்னொரு காவல். இவற்றின் வேலையை அதனிடம் ஒப்படைத்துவிட்டு இவற்றைக் கழற்றிவிடக் கூடாது.

அடுத்து கண்ணில் பட்டது ஒரு திருகு சுவிட்ச். ஒரு பக்கம் 'கை', மறுபக்கம் 'கம்ப்யூட்டர்' என்று பெயிண்டில் எழுதியிருந்தது. அது அம்மா கேட்டு வாங்கிய சுவிட்ச். "அவுரு பைப்புக்கிட்ட குனிஞ்சு வேல பாக்கறப்ப, புள்ள அங்கிருந்து பட்டனத் தட்டிட்டா என்னாகறது?" என்று கேட்டிருக்கிறார். இப்போது மோட்டார் ரூமுக்குள் நுழைகிறவர் முதலில் சுவிட்சைக் 'கை' பக்கம் திருப்புவார். அதன் பிறகு கைபேசியில் எத்தனை முறை தட்டினாலும் மோட்டார் ஓடாது. ஒயரில் கை வைக்கும் வேலை என்றால், இது போதாது, மெயின் சுவிட்சையே இறக்க வேண்டும்.

இந்த வீட்டில் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். மோட்டாரைப் போடுவது எப்போதும் ஆள்தான். மும்முனை மின்சாரம் வந்ததும் கைபேசி மணியடிக்கும். படுக்கையிலிருந்தே அப்பாவோ அம்மாவோ பட்டனைத் தொட்டால்தான் மோட்டார் ஓடும். நிறுத்துவதுதான் கம்ப்யூட்டரின் வேலை. ஆம்பியர் குறைந்து தண்ணீர் தளர்ந்தது தெரிந்தாலோ, வைத்த நேரம் முடிந்தாலோ நிறுத்திவிடும். வைஃபை அறுந்து ஐந்து நிமிடத்துக்குள் திரும்பாவிட்டால், மோட்டார் ரூமில் உள்ள பலகையே தானாக நிறுத்தும். நின்றுபோனால் ஒரு ஓட்டம் தண்ணீர்தான் குறையும். நிற்காமல் போனால் மோட்டார் போகும், தவறான நேரத்தில் ஓடினால் ஆளே போகலாம். சிறு விவசாயிகள் இந்தச் சட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

எழுதி வைக்கும் கணக்குப்பிள்ளை

ஏழாவது மாதத்தில் ஒரு நாள் மின்வெட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் எழவில்லை. மெமரி கார்டு கெட்டிருந்தது. இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருப்பதால் கார்டு தேயும். மின்சாரம் திடீரென்று போனாலும் கெடும். அந்த இரண்டு நாளும் சுவிட்சைக் 'கை'யில் வைத்து பழையபடி பொத்தானை அழுத்தித் தண்ணீர் பாய்ச்சினார்கள். வேலை ஒன்றும் நிற்கவில்லை. இப்போது கார்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி., கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் ஒரு சிறு யு.பி.எஸ்., வாரம் ஒரு நகல் மகளின் லேப்டாப்பில் என்று மாற்றிவிட்டார்கள். மொத்தச் செலவு சுமார் 16,000 ரூபாய் ஆனதாம். விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால் விசாரித்து வாங்குங்கள்.

வேளாண் அலுவலர் என்ற முறையில் நான் அதிக நேரம் பார்த்தது, ஓட்டத்தின் கணக்கை. ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம் ஓடியது என்று கம்ப்யூட்டர் குறித்து வைக்கிறது. தையில் 62 நிமிடம் ஓடிய போர்வெல், பங்குனிக் கடைசியில் 41 நிமிடத்தில் தளர்ந்தது. அதைப் பார்த்து, முருங்கையை இன்னும் அரை ஏக்கர் கூட்டும் திட்டத்தை அவர் கைவிட்டார். ஒவ்வொரு தென்னைக்கும் 1.8 மீட்டர் ஆரத்தில் வட்டப்பாத்தி எடுத்து, தேங்காய் மட்டையை மூடாக்காகப் போட்டார். ஊற்று குறைவது மரம் வாடிய பிறகு தெரிவதைவிட, இரண்டு மாதம் முன்பே தெரிந்தால் எவ்வளவோ செய்யலாம்.

கேள்விகளுக்குப் பதில்

*செல்போன் ஸ்டார்ட்டர் இருக்கும்போது இது எதற்கு?*
மோட்டாரை மட்டும் தூரத்திலிருந்து இயக்க வேண்டுமென்றால் செல்போன் ஸ்டார்ட்டரே போதும். எளிது, பழுது பார்க்கவும் ஆள் கிடைக்கும். மானியம் பற்றி உங்கள் பகுதி வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். தொட்டி, விளக்கு, ஓட்டக் கணக்கு எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும், வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளையும் இருக்கிறது என்றால் இதை யோசிக்கலாம்.

*மோட்டார் ரூம் அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தால்?*
வைஃபை எட்டாது. லோரா என்ற நெடுந்தூர ரேடியோ முறை உண்டு. நம் நாட்டில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். ஆனால் அதற்கு அனுபவமுள்ளவர் துணை வேண்டும்.

*வெளியூரிலிருந்து மகனோ மகளோ பார்க்க முடியுமா?*
முடியும். ஆனால் ரவுட்டரில் வாசலைத் திறந்துவிடுவது போன்ற குறுக்குவழிகள் வேண்டாம். யார் வேண்டுமானாலும் நுழைய முயல்வார்கள். வி.பி.என். முறையில் இணைத்து, வலுவான கடவுச்சொல் வையுங்கள்.

*நாமே ஒயர் இணைக்கலாமா?*
கம்ப்யூட்டரையும் மென்பொருளையும் நாமே நிறுவலாம். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் 415 வோல்ட். அங்கே உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் மட்டுமே கை வைக்க வேண்டும்.

பணம் போடும் முன், செலவில்லாத ஒன்றைச் செய்யுங்கள். ஒரு நோட்டில் ஒரு மாதம், மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம், தண்ணீர் எப்போது தளர்ந்தது என்று எழுதி வாருங்கள். ட்ரை ரன் கருவி மாட்டியிருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மாதக் கணக்கோடு கேள்வி எழுதி அனுப்பினால், உங்கள் தோட்டத்துக்கு எது தேவை என்று இந்தப் பக்கத்திலேயே சொல்கிறேன்.